பறந்துபோனது அதே கிளைக்குத் திரும்பி வரும்

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே குறை பலருக்கும் இருக்கிறது. ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். வீட்டுக்குப் பின்னால் ஒரு மரமும் நாலைந்து செடிகளும் உள்ள சின்ன இடம். நடக்கிற தூரத்தில் குளத்தோடு ஒரு பூங்கா. கையில் மொபைலும், யாரோ கொடுத்த பழைய ஜூம் கேமராவும். விடுமுறை நாளில் குடும்பத்தோடு பறவை பார்க்கக் கிளம்புகிறீர்கள். கிட்டே போனால் எல்லாம் பறந்துவிடுகின்றன. சின்னவன் பத்தாவது நிமிடம் வீட்டுக்குப் போகலாம் என்று இழுக்கிறான். வந்து பார்த்தால் படங்களில் கறுப்புப் புள்ளிகள்தான். என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். கூடவே, கம்பியில் உட்கார்ந்திருந்த, பறந்துபோய் அதே இடத்துக்குத் திரும்பி வந்த, வால் நுனி இரண்டாகப் பிளந்த கறுப்புப் பறவை எது என்றும்.

பறவைக்குக் கடைசியில் வருகிறேன். கேமராவுக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம்: ஆறு மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் நடந்துகொண்டே இருக்கிறீர்கள். அதை நிறுத்தினாலே உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

பறவையின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். நாலு பேர் பேசிக்கொண்டு நேராக அதை நோக்கி வருகிறார்கள். நாலு பேரும் அதையே உற்றுப் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்துக்கு முன்னால் பெரிய வட்டக் கண்ணாடி ஒன்றைத் தூக்குகிறார். வேட்டைக்கு வருகிற விலங்கும் இப்படித்தான் வரும். ஒவ்வொரு உயிருக்கும் ஒரு தூரக் கணக்கு உண்டு. ஒரு எல்லைவரை உங்களைக் கண்டுகொள்ளாது; அதைத் தாண்டினால் மேய்வதை நிறுத்தித் தலை தூக்கும்; இன்னும் நெருங்கினால் கிளம்பிவிடும். அந்த நடுக்கட்டத்தை நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம். கழுத்து நீளும், இறகு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், தலை ஒரு பக்கம் திரும்பி ஒற்றைக் கண் உங்கள் மேல் நிற்கும். அணிலாக இருந்தால் வாலை வெட்டி வெட்டி ஆட்டிக் கத்தும். அந்த நொடியில் அங்கேயே நின்றுவிடுங்கள், முடிந்தால் ஓரடி பின்னால் வையுங்கள். பல சமயம் அது மறுபடி தன் வேலைக்குத் திரும்பிவிடும். பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகவே சொல்லித் தரலாம்: "நம்மைப் பார்த்துவிட்டதா, இல்லையா?" என்று கண்டுபிடிப்பது.

அதைவிட எளிய வழி, போகாமலே இருப்பது. ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் வெறுமையாக இருக்கும். நீங்கள் வந்தபோது கலைந்ததெல்லாம் அடங்க அவ்வளவு நேரம் ஆகும். பிறகு ஒன்றொன்றாக வெளியே வரும். நீங்களே அழைத்து வந்தது போல அருகிலேயே வரும். பூங்காவை முழுச் சுற்றுச் சுற்றியவருக்குப் பறவைகளின் முதுகுதான் தெரியும். உட்கார்ந்தவருக்கு முகம் தெரியும்.

அந்த இடம் வாரா வாரம் ஒரே இடமாக இருக்கட்டும், நேரமும் ஏறக்குறைய அதே நேரமாக. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்குத் துணை. ஒரே இடத்தையா பார்த்துக்கொண்டிருப்பது, சலிக்காதா என்றால், ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளரைச் சொல்வேன். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அவருடையது சாதாரணமான ஒரு வீட்டுத் தோட்டம். 1972இல் தொடங்கி முப்பது ஆண்டுகள் அந்த ஒரு தோட்டத்தை மட்டும் கவனித்தார். கணக்கில் சேர்ந்தவை 2,673 இனங்கள். அதில் பறவைகள் 54. பூச்சிகள் 1,997. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் 54ஐத் தேடிக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு 1,997ஐத் தாண்டிப் போகிறோம். உங்கள் ஐந்து வயது மகன் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவன் உயரத்தில் நடப்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

பிரான்சில் ழான் ஆன்ரி ஃபாப்ர் என்ற பூச்சியியலாளர் 1879இல் ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் தரிசு நிலத்தை வாங்கிக் குடியேறி, 1915இல் இறக்கும்வரை அங்கேயே பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளைகளும் பல தேடல்களில் கூட அலைந்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாக நூல் விட்டுக்கொண்டு வரிசையாகப் போகும் கம்பளிப்புழுக்களை, 1896 ஜனவரியில், அவர் ஒரு பெரிய பூந்தொட்டியின் விளிம்பில் வட்டமாகச் சேரும்படி செய்தார். முதல் புழு எது, கடைசிப் புழு எது என்பது இல்லாமல் போய்விட்டது. ஏழு நாள் சுற்றின. பூந்தொட்டியும் பொறுமையும் தவிர அதற்கு வேறு கருவி தேவைப்படவில்லை.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? அழகாக இருக்கிற இடத்தைத் தேடாதீர்கள். ஒழுங்காக வெட்டிய புல்தரை கண்ணுக்கு நல்லது, உயிர்களுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு வகை நிலம் சந்திக்கிற ஓரம் வேண்டும்: தண்ணீரும் கரையும், புதரும் திறந்த வெளியும். பூத்த மரமோ பழுத்த மரமோ இருந்தால் அதன் எதிரே உட்காருங்கள், மரமே அழைத்துவரும். தண்ணீரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டுப்போன கிளை, தனியாக நிற்கும் கம்பம், இவற்றின் கீழே வெள்ளை எச்சக் கோடுகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் அது யாரோ ஒருவரின் வழக்கமான இருக்கை. மீன்கொத்தி, கொக்கு, ஆந்தை எல்லாம் தங்கள் இடத்தை இப்படித்தான் காட்டிக்கொடுக்கின்றன. இலையில் அரைவட்டமாகக் கத்தரித்த வெட்டு இருந்தால் இலைவெட்டித் தேனீ. சேர்த்துத் தைத்த இலைகள் இருந்தால் தையல்சிட்டோ, முசுறு எறும்போ. எறும்புக் கூட்டைத் தொட்டுப் பார்க்கிற தவறை ஒருமுறைக்கு மேல் யாரும் செய்வதில்லை.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் கடினம். அமைதியாக இரு, அசையாதே என்று சொல்லி அழைத்துப் போனால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். பத்து நிமிடம்தான் தாங்குவான் என்றால் பத்து நிமிடத்தோடு எழுந்துவிடுங்கள். அவன் 'போகலாம்' என்பதற்கு முன்பே நீங்கள் கிளம்பினால் அடுத்த முறை பதினைந்தாகும். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். மகள் நேரமும் எண்ணிக்கையும் எழுதட்டும். மகன் தரையைப் பார்ப்பவன். தரையில் இருப்பதெல்லாம் அவன் பொறுப்பு. பெயர் தெரியாவிட்டால் அவர்களே பெயர் வைக்கட்டும். எங்கள் வீட்டில் 'கோபக்காரன்' என்று ஒரு ஓணான் இருந்தது. சரியான பெயர் பிறகு வரும். ஒரு உயிரைத் தனித்து அடையாளம் தெரிய ஆரம்பிப்பதுதான் முதலில் நடக்க வேண்டியது.

அரிய பறவையைத் துரத்துவதை மட்டும் பிள்ளைகளோடு செய்யாதீர்கள். இது என் சொந்தக் கருத்து, மறுப்பவர்கள் உண்டு. இரண்டு மணி நேரம் காத்திருந்து வராத பறவையால் குழந்தை கற்றுக்கொள்வது ஏமாற்றத்தை மட்டும்தான். காகத்தையும் மைனாவையும் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006இல் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் ஒரு குகைமனித முகமூடியை மாட்டிக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, வளையம் போட்டு விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் சூழ்ந்துகொண்டு கத்தின. ஆண்டுகள் போகப் போக, பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. இதைச் சொல்லிவிட்டு உங்கள் மரத்துக் காகத்தைக் காட்டினால், அது உங்களையும் அடையாளம் வைத்திருக்கிறதோ என்ற சந்தேகமே பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்குப் போதும்.

சின்னவனுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது தாவும் சிலந்தியை. வலை பின்னிக் காத்திருக்காமல் சுவரிலும் இலையிலும் துள்ளித் துள்ளிப் போகும், அரிசி மணி அளவிலான சிலந்தி. அதன் முன்னால் விரலை மெதுவாகக் கொண்டுபோங்கள். ஓடாது. உடம்பைத் திருப்பி, முன்பக்கத்தில் இருக்கிற இரண்டு பெரிய கண்களால் விரலைப் பார்க்கும். விரலை இடப்பக்கம் நகர்த்தினால் அதுவும் இடப்பக்கம் திரும்பும். பக்கத்தில் பார்த்தால் அந்தக் கண்களின் நிறம் மாறுவதுபோல் இருக்கும். கண்ணின் லென்ஸ் அசையாது; உள்ளே ஒரு குழாயின் நுனியில் இருக்கும் விழித்திரை மட்டும் நகர்ந்து தேடுகிறது, அந்த அசைவுதான் நிறமாற்றமாகத் தெரிகிறது. தாவுவதற்கு முன் ஒரு நூலைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் தாவும். தவறினால் அந்த நூலில் தொங்கி மறுபடி ஏறிக்கொள்ளும். நான் ஒரு சிறுவனிடம் இதைக் காட்டியபோது அவன் குப்புறப் படுத்து இருபத்தைந்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. அவன் அம்மாதான் கால் வலிக்கிறது என்று எழுந்து போனார்.

மகளுக்குக் குளக்கரையில் மடையானைக் கொடுங்கள். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். நிற்கும்போது சேற்று நிறம், இருப்பதே தெரியாது. பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. 'அது எங்கிருந்து வந்தது' என்று திகைப்பதே ஒரு அனுபவம். நின்ற இடத்திலிருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அடியெடுத்து வைக்கிறது, எத்தனை முறை குத்தினால் ஒருமுறை இரை கிடைக்கிறது என்று அவள் குறித்து வைக்கட்டும். நாலு வாரக் குறிப்பு சேர்ந்தால், எந்த நேரத்தில் எந்தக் கல்லில் நிற்கும் என்று அவளே உங்களுக்குச் சொல்வாள். படமெடுப்பவருக்கு அதைவிடப் பெரிய தகவல் கிடையாது.

ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் கேமராவுக்கு முன் பைனாகுலர். அதில் 8x42 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு நெருக்கிக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம் என்று அர்த்தம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் வரும் ஐந்து மி.மீ. சொச்சம்தான் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். அதிகாலையிலும் நிழலிலும் அது உதவும். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்படாதீர்கள், கை நடுக்கமும் அத்தனை மடங்காகும். பிள்ளைகளுக்கு 6x30 அல்லது 8x30 போல எடை குறைந்தது போதும். வாங்குமுன் இரண்டு குழல்களும் அவர்கள் கண்களின் இடைவெளிக்கு ஏற்ற அளவு நெருங்குகின்றனவா பாருங்கள். நெருங்காவிட்டால் அவர்களுக்குக் கறுப்பு வட்டம்தான் தெரியும், சொல்லத் தெரியாமல் 'போர் அடிக்குது' என்பார்கள். பயன்படுத்துவதில் ஒரே சூட்சுமம்: முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடியுங்கள், பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கருவி வழியாகத் தேடினால் வானம்தான் கிடைக்கும். அதைக் கொண்டு சூரியனைப் பார்க்கவே கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுப் பின்புறத்துக்கு நான் சொல்வது தண்ணீர். தீனி வைப்பதைவிடத் தண்ணீர் வைப்பதில் சிக்கல் குறைவு, வருகிறவர்களின் வகையும் அதிகம். அகலமான, சொரசொரப்பான மண்தட்டு. ஆழம் ஓரத்தில் இரண்டு செ.மீ., நடுவில் ஐந்து செ.மீ.க்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல். தேனீயும் குளவியும் அதில் உட்கார்ந்துதான் குடிக்கும். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவிவிட்டு நிரப்புங்கள். கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரமாவது ஆகும், எனவே இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினாலும் அதற்கு இடமிருக்காது. பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில், ஆனால் பறவை தாவி ஏறக் கிளை ஒன்று பக்கத்தில் இருக்கும்படி வையுங்கள். மரத்தடியில் உதிர்ந்த இலைகளை ஒரு மூலையில் மட்டுமாவது கூட்டாமல் விடுங்கள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து அதைப் புரட்டிப் போடுவதைப் பார்த்தால், ஏன் விடச் சொன்னேன் என்று தெரியும்.

பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். அதில் தெரியும் மரத்தை உண்மை மரம் என்று நம்பிப் பறவைகள் மோதிச் சாகின்றன. பருந்து வடிவ ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவதால் பயனில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க, ஐந்து செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு மதியத்துக்கான வேலை.

இனி படம். மொபைலால் தொலைவில் இருக்கும் பறவையை எடுக்க முயன்று மனம் நொந்துபோகாதீர்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் உண்மையான ஜூம் ஆகாது. எடுத்த படத்தை வெட்டிப் பெருக்குவதுதான். மொபைலின் திறமை பக்கத்தில் இருக்கிறது: சிலந்தி, வண்டு, ஓணான், காளான். பறவைக்கு வேறு தந்திரம். தண்ணீர்த் தட்டுக்கு ஒரு முழம் தள்ளி, இரண்டு கற்களுக்கு நடுவே, தட்டின் மட்டத்துக்கே மொபைலை நிறுத்தி, வீடியோவைத் தட்டிவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுங்கள். அரை மணி கழித்து எடுத்து வந்து எல்லோரும் சேர்ந்து பாருங்கள். சின்னான் என்ற கொண்டைக்குருவி முதலில் விளிம்பில் வந்து நிற்கும், இரண்டு முறை தலையை நனைக்கும், பிறகு பயம் தெளிந்து நடுவில் இறங்கி இறக்கையடித்துத் தண்ணீரை மொபைல் கண்ணாடியிலேயே தெறிக்கவிடும். எந்தப் பெரிய லென்ஸாலும் அவ்வளவு கிட்டத்தில் நீங்கள் இருக்க முடியாது.

உங்கள் கறுப்புப் புள்ளிகளுக்குக் காரணம் சொல்கிறேன். தனக்கு முன்னால் இருக்கும் காட்சி முழுவதையும் நடுத்தரமான வெளிச்சத்துக்குக் கொண்டுவர கேமரா பார்க்கும். பின்னால் பளிச்சென்ற வானம் இருந்தால் அதை அடக்குகிறேன் என்று பறவையைக் கரியாக்கிவிடும். எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கும் +/- பொத்தானை +1 அல்லது +1.5க்குத் தள்ளுங்கள், வானம் வெளுத்தாலும் இறகின் நிறம் வரும். இருண்ட தண்ணீரின் முன் வெள்ளைக் கொக்கு நின்றால் இதற்கு நேர்மாறு: -1. ஆனால் இதைவிட நல்லது, வானத்தைப் பின்னணியாக வைக்கிற இடத்தில் நிற்காமலே இருப்பது. காலை வெயிலோ மாலை வெயிலோ உங்கள் முதுகில் விழட்டும், பறவைக்குப் பின்னால் தூரத்து மரங்கள் இருக்கட்டும். உச்சி வெயிலில் படமெடுக்கப் போகாதீர்கள். பறவையும் நிழலில் இருக்கும், நீங்களும் அங்கேயே இருக்கலாம்.

ஷட்டர் வேகத்தை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீதியைக் கேமராவிடம் விட்டுவிடலாம். கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியாகப் போட்டுவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, துள்ளும் அணிலுக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. லென்ஸை 400 மி.மீ. வரை ஜூம் செய்தால் 1/400க்குக் கீழே இறங்காதீர்கள், கை ஆட்டம் தெரியும். லென்ஸுக்குள் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் சற்றுக் கீழே போகலாம், ஆனால் அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. படத்தில் பொரி பொரியாகப் புள்ளி விழுகிறதே என்று பயந்து வேகத்தைக் குறைப்பவர்கள் உண்டு. புள்ளி விழுந்த படத்தைத் தேற்றலாம், கலங்கிய படத்தைத் தேற்ற முடியாது. ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். வால் மங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். கண் மங்கினால் படமே இல்லை.

எல்லாவற்றையும்விடப் படத்தை மாற்றுவது உங்கள் உயரம். தரையில் மேயும் மைனாவை நின்றுகொண்டு எடுத்தால் முதுகும் புல்லும்தான். படுத்து எடுத்தால் அதன் உலகம் தெரியும், பின்னணி தானாகக் கரைந்துவிடும். இதில் உங்கள் மகன் உங்களைவிட மூன்றடி முன்னால் இருக்கிறான். கேமராவை அவனிடம் கொடுங்கள், கழுத்துப் பட்டையோடு.

காற்றையும் பாருங்கள். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். வெயிலும் காற்றும் இரண்டுமே உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற நாளில், கிளம்புகிற பறவை முகத்தைக் காட்டிக்கொண்டு உங்கள் பக்கம் வரும். எழும்புவதற்குச் சற்று முன் உடம்பைத் தாழ்த்தும், பல நேரம் எச்சமிடும். பிள்ளைகள் இரண்டாவது அடையாளத்தை ஒருபோதும் மறப்பதில்லை.

பயிற்சிக்கு நான் சிபாரிசு செய்வது தட்டான். குளக்கரையில் குச்சி நுனியில் உட்காரும், கிளம்பும், இரை பிடிக்கும், அதே குச்சிக்கு வரும். குச்சியில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். இறக்கையை விரித்து உட்கார்ந்தால் தட்டான், முதுகின் மேல் மடக்கி உட்கார்ந்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கி நட்டமாகத் தூக்கி நிற்கும். வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் வழி அது. பட்டாம்பூச்சிக்கு அதிகாலை. உடம்பு சூடேறாமல் அதனால் பறக்க முடியாது, இறக்கையை விரித்துக் குளிர்காயும். உங்கள் நிழல் மட்டும் அதன் மேல் விழக்கூடாது.

ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுச் செடியில் ஒரு சின்னான் கூடு வைத்தது. மூன்று முட்டை. தினமும் காலையில் போய் ஒரு இலையை ஒதுக்கிவிட்டுப் படமெடுத்தேன். வெளிச்சம் போதவில்லை என்று ஒரு சிறு கிளையைக் கட்டியும் வைத்தேன். குஞ்சு பொரித்த மூன்றாவது நாள் கூடு காலி. காகம். நான் எங்கே குனிகிறேன் என்று அது எதிர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் திறந்துவைத்த இலை வழியாகத்தான் எடுத்துப் போயிற்று. அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, யாருக்கும் காட்டியதில்லை. கூடு தெரிந்தால் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளிருந்து, ஜன்னல் வழியாக, தாய் வந்து போவதைப் பாருங்கள். இடம் தெரியும்படி படத்தை வெளியிடாதீர்கள்.

தரையில் இறகு முளைத்த குஞ்சு, குட்டை வாலோடு நின்றால் அது பெரும்பாலும் அநாதை இல்லை. பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில் இருக்கும். நாயும் பூனையும் வராமல் பார்த்துக்கொண்டு விலகி நில்லுங்கள். வழியில் கிடந்தால் எடுத்துப் பக்கத்துப் புதரில் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை. பறவைக் குரலை மொபைலில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது உண்மையாகவே பதறி வருகிறது.

இரவையும் விட்டுவிடாதீர்கள். டார்ச்சை மூக்கின் அருகே, கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு புல்தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கங்கே பச்சையாகவோ வெள்ளையாகவோ பனித்துளி போல மின்னும். கிட்டே போனால் அவை ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள், உள்ளே இருக்கும் ஒரு படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி அதன்மேல் விளக்கடித்தால் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள், அவற்றுக்கும் இரவில் வேலை இருக்கிறது. ஆந்தை கண்ணில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

பெயர் கண்டுபிடிக்க, எடுத்த படத்தைப் போட்டுக் கேட்கலாம்; 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளமும் செயலியும் உதவும். பறவைக்கு மட்டும் என்றால் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டும் சொல்லும். இரண்டும் தவறும் செய்யும், முதலில் காட்டுகிற பெயரை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் எடுத்த படத்தைப் போடும்போது சரியான இடத்தை மறைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். கார்னெல் ஆய்வகமும், பறவைப் பாதுகாப்புக்கான ஆடுபான் சங்கமும் 1998இல் தொடங்கிய வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாலு நாள் நடக்கிறது; 2013 முதல் உலகம் முழுவதும். குறைந்தது பதினைந்து நிமிடம் எண்ண வேண்டும். சின்னவன் அதற்குள் பதினைந்து நிமிடத்துக்கு வந்திருப்பான்.

இப்போது உங்கள் கறுப்புப் பறவை. கம்பி, பிளந்த வால், பறந்துபோய்த் திரும்பி அதே இடம் என்கிறீர்கள்; இரட்டைவால் குருவி, கரிச்சான் என்பதும் அதுவேதான். அது பறந்தது உங்களுக்குப் பயந்து இல்லாமலும் இருக்கலாம், பூச்சிக்காகப் பறந்திருக்கும். தன்னைவிடப் பெரிய காகத்தையும் பருந்தையும் துரத்துகிற பறவை அது. நாளைக் காலை அதே கம்பிக்குப் போங்கள், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு இருபது அடி தள்ளி உட்காருங்கள், +1 வையுங்கள், கம்பியில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எத்தனை முறை போய் வருகிறது என்று மகள் எண்ணட்டும். மகன் கீழே விழுகிற பூச்சி இறக்கைகளைத் தேடட்டும்.